வெளுத்ததெல்லாம் பால்

மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பான். அதை நாக்கால் தொட்டும் பார்ப்பான். பிறகு பாட்டிலைக் காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்கு. பாலுக்குள் என்ன சத்தம் கேட்குமோ, அது அவனுக்கே வெளிச்சம். எதிரே விரிப்பில் அவன் மகள் உட்கார்ந்திருப்பாள். ஒன்றரை வயது. அவள் முன்னால் கிண்ணத்தில் பருப்புச் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இரண்டு வாய்க்கு மேல் அவள் உதட்டைத் திறக்கமாட்டாள், அவனும் மூன்றாவது வாய்க்கு மெனக்கெடமாட்டான். "வேணாமா? சரி விடு தங்கம். பால் இருக்கு" என்பான். பாட்டிலைக் கண்டதுதான் தாமதம், அவள் தானாகவே சரிந்து படுத்து இரண்டு கைகளையும் நீட்டிவிடுவாள்.

என் தம்பிதான். நான் மாடியில் குடியிருக்கிறேன், அவன் எனக்குக் கீழ் வீட்டில். பிளம்பர். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'வாஷர்'. குழாய் சொட்டுகிறதா, வாஷர் போயிருக்கும். தண்ணீர் வரவில்லையா, அதற்கும் வாஷர்தான். "வாஷரை மாத்துனா எல்லாம் சரியாயிடும் மேடம்" என்பது அவனுடைய வேத வாக்கு. பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு அது சரியாகவும் போய்விடுகிறது. அதுதான் தொல்லையே. தோற்றுப்போன இரண்டு வீடுகளை அவன் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

முழங்கால்வரை சுருட்டிவிட்ட கால்சட்டை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் இருக்கும். பால் பாட்டிலின் கழுத்திலும் அதையே சுற்றி வைத்திருந்தான். "இப்ப ஒரு சொட்டு லீக் ஆவட்டும் பாக்கலாம்" என்று என்னிடம் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறான். யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுப்பான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஓடுவான். நல்லவன்தான். நல்லவர்களோடு சண்டை போடுவதைப் போலச் சலிப்பான வேலை உலகத்தில் வேறில்லை.

குழந்தை விஷயத்தில் பால்தான் அவனுக்கு வாஷர். அழுதால் பால், விழுந்தால் பால், பல் முளைத்தால் பால், தூங்காவிட்டால் பால், தூங்கி எழுந்தாலும் பால். "எலும்பு வெள்ளை, பால் வெள்ளை. இதுல என்னக்கா உனக்குச் சந்தேகம்?" என்று கேட்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுடா" என்றேன். யோசிக்கவே இல்லை. "அமிர்தத்தைத்தானே சொல்லியிருக்காங்க, பாலைச் சொல்லலியே" என்றான். இவனிடம் பேசுவதற்குப் பதில் ஒரு குழாயிடமே பேசியிருக்கலாம், அதுவாவது திறந்தால் மூடும்.

குழந்தைக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் வண்டு. பிறந்தபோது அப்படியொரு கறுப்பு, அப்படியொரு துறுதுறுப்பு. வயது ஒன்றைத் தாண்டியதும் வண்டு வெளுக்க ஆரம்பித்தாள். படிக்கட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைத் தட்டி, "அட, என்ன கலர் வந்திருக்கு பாரு! பால் மாதிரி!" என்று பூரித்தார்கள். எங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு யாருக்கும் இல்லாத நிறம். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் பால் குடிச்ச நிறம்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தான்.

பத்தடி நடந்தால் வண்டு உட்கார்ந்துவிடுவாள். "எவ்ளோ சாதுவான குழந்தை" என்று அதற்கும் பாராட்டு. பிறகு சுவரை நக்க ஆரம்பித்தாள். பூந்தொட்டியில் மண்ணை எடுத்து வாயில் போட்டாள். ஜன்னல் ஓரத்தில் உரிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றவளை நான் கையும் களவுமாகப் பிடித்து அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? உடம்பு சுண்ணாம்புச் சத்தைத் தேடுது. பால் பத்தலக்கா!" அன்றிலிருந்து பெரிய பாட்டில் வாங்கிவிட்டான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

அவன் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பிறந்த சில நாட்களில் வண்டுவுக்குத் தாய்ப்பால் போதாமல் எடை மளமளவென்று இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பால் பாட்டிலை அவன் கையில் கொடுத்து, "நீங்களே கொடுங்க சார்" என்றாள். அவன் மடியில் கிடந்து குடித்த குழந்தை அங்கேயே கண்ணைத் திறந்து பார்த்தது. அன்றைக்குக் கையில் வந்த பாட்டிலை அவன் அதன்பின் கீழே வைக்கவே இல்லை. அப்போது காப்பாற்றியது எப்போதும் காப்பாற்றும் என்று நினைத்துவிட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கடைசியில் அவன் மனைவியும் நானுமாக அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் வண்டுவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் மூவரையும் உட்காரவைத்தார்.

"பாப்பா நல்ல கலரா இருக்கான்னு சொன்னீங்களே, அது கலர் இல்லை. உடம்புல ரத்தம் இல்லை. மண்ணு, சுண்ணாம்பு திங்கிறதுக்கும் அதான் காரணம்."

தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "பால் நிறையத்தான் குடிக்கிறா டாக்டர்."

"அதனாலதான் சொல்றேன். ஒரு வயசு தாண்டிட்டா சாப்பாடுதான் முக்கியம். பால் அதோட கூட ஒண்ணு, அவ்ளோதான். ஒரு கப் குடிக்கட்டும். பிடிக்கலையா, தயிர் கொடுங்க. முட்டை, பருப்பு, மீன், கீரை எல்லாம் கொடுங்க. பால்ல இரும்புச் சத்து பேருக்குத்தான் இருக்கு. வயித்தை அதுவே அடைச்சுக்கிட்டா சோறு எங்க போகும்?"

"அப்ப எலும்பு?"

"எலும்பு எங்கயும் ஓடிப்போகாது. ஒரு நாளைக்கு ஒரு கப். பாட்டில் வேணாம். இந்த இரும்பு மருந்தைக் கொடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

கோவில் மாடு மாதிரி தலையை ஆட்டினான். படியிறங்கும்போது, "நல்ல டாக்டர்" என்றுகூடச் சொன்னான். நானும் நம்பித் தொலைத்தேன்.

மாதம் முடிந்தது. வண்டு இன்னும் சுவரை நக்கிக்கொண்டுதான் இருந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் ஏறவே இல்லை, முன்பைவிடச் சற்று இறங்கியும் இருந்தது. டாக்டரின் குரலில் பழைய பொறுமை இல்லை. "இன்னும் இறங்குச்சுன்னா பெட்ல சேர்த்து ரத்தம் ஏத்தணும். விளையாட்டில்லை. பால் எவ்ளோ கொடுக்கறீங்க?"

"ஒரே ஒரு கப் டாக்டர்" என்றான் தம்பி.

"ஒரு கப்தான் டாக்டர்" என்றாள் அவன் மனைவியும்.

"எப்போ கொடுக்கறீங்க?"

"காலையில, எழுந்திரிச்சதும்" என்றான் இவன்.

"சாயங்காலம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில கொடுக்கறீங்களா? என்கிட்ட சொல்லவே இல்ல!"

"நீ சாயங்காலம் கொடுக்கறியா? டாக்டர் சொன்ன ஒரு கப்பை நான்தான் கொடுத்துட்டேனே!"

"நீங்க வேலைக்கு ஓடிடுவீங்க, மறந்திருப்பீங்கன்னு நான்..."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கதை அதோடு முடியவில்லை. சில நாள் பகலில் வண்டுவை விட்டுவரும் குழந்தைகள் காப்பகத்து ஆயாவிடமும் இவன் தனியாகச் சொல்லிவைத்திருந்தான், மதியம் ஒரு கப் என்று. அவளுடைய ஒரு கப் எங்கள் வீட்டுச் செம்பை விடப் பெரியது என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சொன்ன ஒரு கப்பை ஆளுக்கொரு கப்பாக்கிப் பங்குபோட்டுக்கொண்ட குடும்பம் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

"மருந்தாவது ஒழுங்கா கொடுத்தீங்களா?"

"ஒருவேளைகூட விடல டாக்டர்" என்று தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வாய்ல வச்சா துப்புறா. அதான் பால்ல கலந்து கொடுத்துட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த மருந்தை உடம்பில் பிடிக்கவிடாமல் செய்வதே பால்தான் என்று அவர் இவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடித்தபின் என் பக்கம் விரலை நீட்டினார். "இனிமே அந்த ஒரு கப்பை இந்த அம்மா மட்டும் கொடுக்கட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம். நீங்க ரெண்டு பேரும் பால் பக்கமே போகாதீங்க. துரத்தித் துரத்தி ஊட்டாதீங்க. சாப்பாட்டை எதிர்ல வையுங்க, நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க, அவளைப் பாக்காதீங்க. ரெண்டு வாரம் தரேன். அப்பவும் ஏறலேன்னா அட்மிஷன்தான்."

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டான். அடுத்த நாளே அவன் வேலைப் பையில், ரெஞ்சுக்கும் பழைய வாஷர்களுக்கும் நடுவில் இன்னொரு பாட்டில் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் தெருவில் வீசியிருப்பேன். "காலி பாட்டில்க்கா. சத்தியமா பால் ஊத்தல" என்றான். "அப்புறம் எதுக்குடா?" என்று கத்தினேன். "சும்மா. கையில இருந்தா தைரியமா இருக்கும்" என்றான். பாட்டிலை மட்டும் பிடுங்கிக்கொண்டேன்.

வண்டு லேசுப்பட்டவளா? பாட்டில் கேட்டுக் கட்டடமே அதிரக் கத்தினாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள், முட்டையை எடுத்துச் செருப்புக்குள் போட்டாள். அவள் அழும்போது தம்பி படிக்கட்டில் போய் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். ஒருமுறை மேலே ஏறிவந்து கதவில் சாய்ந்து நின்றான். "பட்டினியா கெடக்குறாக்கா. ஏதாவது ஆயிட்டா?" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல், "பசிச்சா சாப்பிடுவா, போடா கீழ" என்று விரட்டினேன்.

நேற்று மதியம் பால் கப்போடு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. தம்பி சுவரோரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தட்டில் சோறும் பருப்பும் அவித்த முட்டையும். வண்டு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பாட்டில் இல்லாத அப்பாவைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் கையை விட்டாள். முட்டையின் மஞ்சளில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள், துப்பினாள், துப்பியதையே எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். இந்தமுறை துப்பவில்லை. மென்றாள். இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தம்பி திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்தபடியே, ஒற்றை விரலால், தன் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.