விருத்தாசலத்தின் மாத்திரை

சவுரியம்மாள் திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கூலிக்காரி. புருஷன் விருத்தாசலம் அதே மண்டியில் மூட்டை தூக்கினார். வீடு ஓமந்தூரில். 1964 ஆவணியில் ஒரு நாள் காலை அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியது; பேச்சு போய்விட்டது.

பாண்டிச்சேரி ஆசுபத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, மறுபடி கட்டாமலிருக்க மாத்திரை என்றார்கள். வாரம் ஒருமுறை ரத்தம் சோதித்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமைதோறும் சவுரியம்மாள் வேலையை விட்டுவிட்டு அவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றினாள். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. ஏரி உடைந்து கிளியனூர் பக்கம் ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. மூன்று வாரம் பஸ் இல்லை. மாத்திரையை மட்டும் அவள் தவறவிடவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, கேப்பைக் கஞ்சியைத் தவிர அவர் எதையும் தொடவில்லை.

தினமும் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். ஒரு நாள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் கண்டிருந்தது. விருத்தாசலத்தின் அக்கா ஜெயம் அதைப் பார்த்துவிட்டாள்.

"வாயில்லாதவன அடிச்சிக்கினு இருக்கியா?"

"எண்ணெ தேய்ச்சதுதான் அண்ணி. வேற ஒண்ணும் பண்ணல."

"தேய்ச்சா இப்பிடி ஆவுமா?"

விருத்தாசலம் இல்லையென்று தலையை ஆட்டினார். ஜெயம் அதை மதிக்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள். சவுரியம்மாளுக்குத் தன் கையின்மேலேயே சந்தேகம் வந்தது. மல்லாட்டை உடைத்துக் காய்த்துப்போன கை. இரண்டு நாள் அவருக்கு எண்ணெய் தேய்க்கவில்லை. தொடாத முதுகிலும் நீலம் வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. மூத்திரம் வழக்கமான ஆரஞ்சு இல்லை, கறுஞ்சிவப்பு.

கல் லாரி ஒன்றில் திண்டிவனம் போய், ரயிலில் விழுப்புரம் சேர்ந்தார்கள். ஜெயமும் கூட வந்தாள். அங்கே ஆசுபத்திரியில் டாக்டர் மாசிலாமணி பாண்டிச்சேரிச் சீட்டைப் படித்தார்.

"கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"மூணு வாரம் ஆவுதுங்க. ரோடு இல்லீங்க."

"காய்ச்சல், சாப்பாடும் இல்ல; அதே மாத்திரை மிஞ்சிப்போய் ரத்தம் உறையவே மாட்டேங்குது. சும்மா படுத்திருந்தாலே உள்ளே கசியும். உங்க மேல தப்பில்லம்மா."

"அத எங்க அண்ணிகிட்ட சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். ஜெயம் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

ரத்தம் உறைய ஊசி போட்டார்கள். ஜெயத்தின் ரத்தம் அவருக்குப் பொருந்தியது. ஒரு பாட்டில் எடுத்து ஏற்றினார்கள். நாலாம் நாள் கசிவு நின்றது. டாக்டர் திரும்பவும் கூப்பிட்டார்.

"மாத்திரையை நிறுத்தினா மறுபடி கட்டலாம். கொடுத்தா வாரா வாரம் டெஸ்ட் பண்ணியே ஆகணும். ரெண்டுலயும் ஆபத்து இருக்கு."

சவுரியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் இடது கையை வேண்டாமென்று அசைத்தார். "அடுத்த மழைக்கும் ரோடு போவுங்க. நிறுத்திடுங்க" என்றாள்.

அதன்பிறகு விருத்தாசலம் தடியூன்றி நடந்தார். மண்டியில் காலிச் சாக்குகளை இடது கையால் அடுக்கிக் கொடுத்தார். 1969 தையில் மறுபடி கையும் காலும் விழுந்து, மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வந்தபோது ஜெயம் கேட்டாள்: "மாத்திர சாப்ட்டுக்கினே இருந்திருந்தா இருந்திருப்பானா, சவுரி?" அதில் குற்றச்சாட்டு இல்லை.

"தெரியல அண்ணி. நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை அவள் மண்டி வேலைக்குப் போனாள்.