கழிப்பறைச் சாவி

வயிற்று நோய்ப் பிரிவு நர்ஸை எல்லோரும் கக்கூஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வந்தாலும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார், அதுவும் கூசாமல் கேட்பார்.

அவரிடம் வந்த ஒரு தையல்காரருக்குக் குடல் எரிச்சல் நோய். பதற்றம் வந்தாலே வயிறு கலக்கிவிடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால், எல்லாம் நடிப்பு என்று வீட்டில் மகிழ்ச்சியோடு முடிவு செய்துவிட்டார்கள். கடை முதலாளியோ கழிப்பறைச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இனி அடிக்கடி கேட்டால் வேலை கிடையாது என்று மிரட்டியிருந்தார்.

அக்கா கடைக்கே போனார்.

"சாவியை இவர் கையிலேயே குடுத்துடுங்க சார்."

"இப்பவே ஓயாம ஓடுறாரும்மா. சாவியும் குடுத்தா அங்கேயே குடியிருப்பாரு."

"உங்ககிட்ட கேக்கணுமேங்கற பயத்துலயே வயிறு கலக்குது சார். சாவி கையில இருந்தா பாதி ஓட்டம் நின்னுடும். ஒரு வாரம் பாருங்களேன்."

முதலாளி சொத்தையே எழுதிக் கொடுப்பவர் போலச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அக்கா போனபோது, தையல்காரர் இடையில் எழுந்திருக்காமல் ஒரு சட்டையைத் தைத்து முடித்திருந்தார்.

"பாத்தீங்களாம்மா? நான் கொஞ்சம் கண்டிப்பா இருந்ததும் வியாதி குறைஞ்சிடுச்சு" என்றார் முதலாளி.

"ஆமா சார், உங்க கைராசி அப்படி. அதுக்காகச் சாவியைத் திருப்பி வாங்கிடாதீங்க" என்றார் அக்கா.