சாவியம்மா எழுதிய இரண்டு பதில்கள்

எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் கதவு திறந்து, வகுப்பறை கூட்டியவரை எல்லோரும் சாவியம்மா என்றுதான் கூப்பிட்டோம். எந்தப் பூட்டு முரண்டு பிடிக்கும், எந்தப் பிள்ளை காய்ச்சலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

புது நிர்வாகம் வந்ததும் ஓர் உத்தரவு போட்டது. கடைநிலை ஊழியர்களுக்கு எட்டாம் வகுப்பு அளவில் மொழித்தேர்வு. தேறாதவருக்கு வேலை கிடையாது. மையக்கருத்து தெரிந்தவர் கூட்டினால் தரை கூடுதலாகப் பளபளக்கும் போலிருக்கிறது! சாவியம்மா ஐந்தாவதோடு நின்றவர். வீட்டில் படுத்த படுக்கையாக ஓர் அக்கா. வேலை போனால் இரண்டு பேருக்கும் அடுப்பு எரியாது.

பாடம் நடத்தியவர் தமிழ் சார். சாவியம்மாவின் மகன் வயசு இருக்கும். மதிய இடைவேளையில் நான் தட்டச்சு செய்யும் அலுவலக அறையில்தான் வகுப்பு. கதைமாந்தர், கதைக்களம், திருப்பம் என்று அவர் தொண்டை வறளச் சொல்லியும் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒருநாள், "உங்க கதையவே எடுத்துக்குவோம்மா. நீங்கதான் கதைமாந்தர். வீடு கதைக்களம். திருப்பம் எது?" என்றார்.

"வீட்டுக்காரர் இன்னொருத்தியோட போனதா, ஒன்பது வருஷம் கழிச்சு நோயோட திரும்பி வந்ததா சார்?"

"வந்ததுதான். ஏன் சேத்துக்கிட்டீங்க?"

"அதெல்லாம் எதுக்கு சார் இப்போ?" என்று மழுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு சொற்கள் கடகடவென்று ஏறின. தாமதமாக வரும் பையனிடம், "உன் கதையில திருப்பமே கெடையாதாடா? தெனம் ஒரே முடிவுதானா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

தமிழ் சார் எழுதிக் கொடுத்த வினாத்தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். அதில் ஒரு பத்தி. கணவன் கைவிட்டுப் போகிறான், நோயாளியாகத் திரும்புகிறான், அன்பே உருவான மனைவி அவனை மன்னித்து, ஊட்டிக் காப்பாற்றுகிறாள். கேள்வி: அவள் கணவனை ஏன் ஏற்றுக்கொண்டாள்? நான்கு மதிப்பெண்.

"சார், இது அவங்க கதையாச்சே?"

"அதனாலதான். கண்ண மூடிக்கிட்டு எழுதிடுவாங்க."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்தோம், இரண்டு மடையர்களும்.

சாவியம்மா எழுதியிருந்தது இது: "மன்னிக்கவில்லை. அவன் என் கையால் வாங்கித் தின்ன வேண்டும் என்றுதான் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்ச வைத்தேன். அவன் செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை."

அதற்குச் சைபர். மொத்தம் முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

"பத்தியில இருக்கறத மட்டும் எழுதுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" தமிழ் சாருக்கு அழாத குறை.

"பத்தியில இருக்கறது நான்தானே சார்?"

"நீங்க இல்லம்மா. அது கதைமாந்தர்."

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. முதல்வரிடம் போய், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுவாய்ப்பு வாங்கி வந்தார். சாவியம்மா என் மேசை முன்னால் உட்கார்ந்து வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "இத எழுதினா வேல இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்று சார் தலையாட்டினார். "அவள் தன் கணவனை மனதார மன்னித்தாள். அன்பினால் ஏற்றுக்கொண்டாள்." குண்டு குண்டாக, ஒரு பிழையில்லாமல் எழுதினார். எழுதி முடித்ததும் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான்குக்கு நான்கு.

விதிப்படி இரண்டு தாள்களையும் சேர்த்துத்தான் முதல்வரிடம் வைத்தோம். அவர் இரண்டையும் படித்தார்.

"மார்க் சரிதான். ஆனா சீக்காளிய சோத்துக்குக் கெஞ்ச விட்ட பொம்பளைய பிள்ளைங்க நடுவுல எப்படி விடறது?"

தமிழ் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல்வர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். வேலை நீக்கக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தட்டச்சு செய்தேன்.

சாவியம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்த ரெண்டாவது தாள மட்டும் கிழிச்சுப் போட்டுடறீங்களா?"

"கோப்புல சேத்தாச்சும்மா. கிழிக்க முடியாது" என்றேன்.