கேட்டு வாங்காத நீலக் கொடி

போன செவ்வாய்க்கிழமை காலை, பரமேஸ்வரியின் மிளகுத் தோட்டத்தில் நின்றபடி, கையில் ஒரு இலையோடு விவசாய அதிகாரி கேட்டார்:

"இது என்ன கொடி? ஆர் நட்டது?"

எனக்குப் பாதிப் பதில் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான்.

பரமேஸ்வரி எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் குடியிருப்பவள். மாத்தளை டவுனில் தையல் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, கிளிசீரியா என்ற தாங்குமரங்களில் மிளகுக் கொடி ஏற்றினாள். வெயில் காலத்தில் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றியதை என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். இந்த வருடம்தான் முதன்முறையாகச் சரம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இது போனால் அவளுக்குத் திரும்பிப் போகத் தையல் கடையும் இல்லை. வேறு ஆள் வந்தாயிற்று.

இப்போது கிணற்றடிப் பக்கத்துக் கீழ்வரிசையில் மிளகு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உச்சி வரை வேறொரு கொடி போர்த்தியிருந்தது. ஒரு மரம் பாரம் தாங்காமல் சாய்ந்தே விட்டது. போர்வையை விலக்கிப் பார்த்தால், உள்ளே மிளகு இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"தெரியல சேர்... காத்துல வெத வந்து மொளச்சிருக்கும்" என்றாள் பரமேஸ்வரி, தரையைப் பார்த்தபடி.

அதிகாரி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. இலையைத் திருப்பித் திருப்பித் தடவினார்.

"நான் நினைக்கிற கொடி எண்டா இஞ்ச காத்தில பரவாதக்கா. தண்டுத் துண்டு விழுந்தாத்தான் முளைக்கும். இலை சொரசொரக்குது, ஓரத்தில பல்லு இருக்கு. ஆனா இதே மாதிரி வேற கொடியளும் கிடக்கு. இலையை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்லேலாது. பூவைக் கண்டா உடன சொல்லுவன்."

பூ இங்கே இல்லை. நிழலில் இன்னும் பூக்கவில்லை.

"அப்ப என்ன சேர் செய்றது?"

"இலையை மேலிடத்துக்கு அனுப்புறன். பதில் வர ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

இரண்டு மூன்று கிழமையா? வானம் அப்போதே கறுத்துக் கிடந்தது. மழை பிடித்தால் மேல்வரிசையும் போய்விடும் என்று அவரே சொன்னார். பரமேஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

பூ எங்கே இருக்கிறது தெரியுமா? அங்கிருந்து ஐம்பது அடி மேலே, என் வீட்டு கேட்டில். கொத்துக் கொத்தாக, வெளிர் நீலத்தில். போன வருடம் இதே பத்தியில் அந்தப் பூவைப் பற்றி அரைப் பக்கம் உருகியிருந்தேன். நீங்கள்கூட வாசித்திருப்பீர்கள்.

"சேர்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பூ எங்க வீட்டுல இருக்கு. வாங்க."

கேட்டடியில் அவர் ஒரு பூவைப் பறித்தார். போனில் ஒரு படத்தோடு ஒப்பிட்டார். மூன்று வினாடிதான்.

"இதேதான். தன்பேர்ஜியா. அடியில கிழங்கு வைக்கும். வெட்டினாலும் கிழங்கிலயிருந்து திரும்ப வரும். பிறந்த இடம் வட இந்தியா, பர்மாப் பக்கத்துக் காடுகள்."

பரமேஸ்வரி நிமிர்ந்தாள். "இந்தியாவா? அப்ப இதுவும் நம்ம மலையக ஆளுங்க மாதிரி அங்கருந்து வந்ததுதானா சேர்?"

பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, வந்தது பிழையில்லையக்கா. அங்க இதை அடக்கி வைக்கப் பூச்சி இருக்கு, போட்டிக்கு வேற கொடியள் இருக்கு. இஞ்ச கேட்க ஆளில்லை. அதுதான் ஆபத்து." பிறகு என்னைப் பார்த்தார். "சரி, இஞ்சயிருந்து கீழ எப்பிடிப் போனது?"

பரமேஸ்வரியின் கண் கலங்கியது.

"நான்தான் சேர். அக்கா கோயிலுக்குப் போன நேரம் ஒரு தண்ட முறிச்சேன். கெணத்தடியில வச்சா அழகா இருக்கும்னு..." என்னிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க அக்கா. கேட்டு வாங்குனா புடிக்காதுன்னு சொல்லுவாங்கல்ல?"

எங்கள் ரோட்டின் எழுதாத சட்டம் அது. பூச்செடியைக் கேட்டு வாங்கினால் பட்டுப்போகும். களவாக எடுத்தால்தான் வேர் பிடிக்கும். எடுப்பவரும் சொல்ல மாட்டார், பறிகொடுத்தவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். என் கேட்டில் தண்டு குறைகிற போதெல்லாம் நான் பெருமைதான் பட்டிருக்கிறேன்.

அவள் அழுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ ஏன் அழுற பரமேஸ்? எல்கடுவப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் கல்யாண விருந்துக்குப் போனப்ப, நான் ஹேண்ட்பேக்ல மறச்சுக் கொண்டுவந்த கொடி இது. நகம் வெட்டுற கத்திரியால வெட்டினேன்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கேட்டு வாங்கினவை ஒருத்தரும் இல்லையோ?"

அன்று மத்தியானமே வேலை தொடங்கினோம். வெட்டிய துண்டில் ஒன்றுகூட, மழைத்தண்ணீர் சரிவில் ஓடும் கானில் விழக் கூடாது, போய்ச் சேர்ந்த இடத்தில் முளைக்கும் என்றார். நான் மாதாமாதம் கத்தரித்து எங்கே கொட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன் – கானில்தான்.

பிறகு ரோட்டில் வீடு வீடாக ஏறி என் களவை நானே சொன்னேன். முதலில் எல்லோரும் "எங்க வீட்டுல இல்லையே" என்றார்கள். கத்திரிக் கதையைக் கேட்டுச் சிரித்த பிறகு மூன்று வீட்டார் கொடியைக் காட்டக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார்கள். கீழ்வரிசையில் ஆறு மரத்து மிளகு போய்விட்டது. மிச்சம் பிழைக்கும் என்கிறார் அதிகாரி. "முழுசா போகலயே அக்கா" என்று பரமேஸ்வரி என்னைத் தேற்றினாள். அவள் என்னை!

வெள்ளிக்கிழமை என் கேட்டுக் கொடியையும் வேரோடு தோண்டினேன். வெயிலில் காயவைத்து எரிக்க வேண்டும் என்பதால் கிழங்குகளைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தேன். எல்லாவற்றிலும் பெரிய கிழங்கு, தேங்காய் அளவு, மேலே இருந்தது.

சனிக்கிழமை காலை பரமேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. பெரிய கிழங்கைக் காணவில்லை.

"அக்கா... மழை வேற வருதே, நட்டா ஒடனே மொளச்சிருமே" என்றாள்.

வந்தே விட்டது. இதை எழுதும்போது கூரையில் கொட்டுகிறது.

எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் பெயர் எனக்கு வேண்டாம். எடுத்த மாதிரியே, யாரும் பார்க்காமல், கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.