வெள்ளை விரிப்பில் கறை

சொல்லவே கூசுகிற சாட்சி இது, சபையாரே. முகம் சுளித்துக்கொண்டாவது கேளுங்கள்.

எழுபத்து நாலாம் வருஷம். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில், வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. மலத்தோடு ரத்தமும் சளியும் போக ஆரம்பித்தது. அந்த நாற்றம் எனக்கே குமட்டியது. மூலம் என்று நானே முடிவுகட்டி, ஆபரேஷன் இல்லாமல் குணமாக்குகிறேன் என்ற ஒரு ஆளிடம் போனேன். அவன் அழுக்கு விரலால் ஏதோ களிம்பைத் தடவி அனுப்பினான். அதைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு. துணியை மடித்து உள்ளே கட்டிக்கொள்வேன். வேட்டியை ரகசியமாக அலசுவேன். “ஆண்டவரே, யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிடும்” என்பதுதான் என் ஜெபம். குணமாக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. என்ன கேவலம்!

தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள் எழுந்தேன். விரிப்பில் கறை. ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். திருநெல்வேலிக்காரரான முதலாளி அண்ணாச்சி கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

“எத்தன நாளாலே இப்படி? மூலம் கீலம்னு அலையாத. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போலே” என்றார்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஆசனவாய்க்கு மேலே கட்டி. அறுத்துவிட்டு வயிற்றில் மலத்துக்கு வழி வைக்க வேண்டியிருக்கும் என்றார். செத்தே போகலாம் என்று அழுதேன். கிள்ளி எடுத்த சதையைப் பரிசோதித்ததில் வெறும் புண் என்று வந்தது. அவர் நம்பவில்லை. இன்னும் ஆழமாக எடுத்தார். அது நிணநீர்ச் சுரப்பிகளில் வருகிற புற்று என்றும், குடல் முனையில் வருவது அபூர்வம் என்றும் தெரிந்தது. “இதுக்கு அறுக்க வேணாம். கரண்ட் வெச்சு, கூடவே ஊசியும் போட்டுப் பார்க்கலாம்” என்றார். கரண்ட் என்றால் கதிர்வீச்சு.

ஊசி போட்ட நாளெல்லாம் வாந்தி. என் மனைவி எஸ்தர் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவினாள்.

“உனக்கு அருவருப்பா இல்லையா?” என்று கேட்டேன்.

“நீங்க திருட்டுத்தனமா வேட்டி அலசினப்பதாங்க அருவருப்பா இருந்துச்சு. எவளோ ஒருத்தின்னு நெனச்சேன். இவர் மறைக்கிறத ஊரறியக் காட்டும் ஆண்டவரேன்னு தெனமும் ஜெபம் பண்ணேன்.”

ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபம் போயிருக்கிறது. கர்த்தர் என்னுடையதைத் தள்ளி, அவளுடையதைக் கேட்டார். அதனால் நாலு வருஷம் கழித்தும் கட்டியில்லாமல் உங்கள் முன் நிற்கிறேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

இந்த பெஞ்சிலும் யாராவது துணியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மறைக்கச் சொல்லி ஜெபிக்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நான் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டேன்.