குருவிக்கல் தோட்டத்துப் பாதைக்காரி

சப்பாத்தைப் பார்த்த பிறகுதான் சிசிலி முகத்தைப் பார்ப்பார். கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கி, முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு மேடேறி வருகிறவர் டொக்டரா வக்கீலா என்பதெல்லாம் அப்புறம். அடிப்பாகம் தேய்ந்து சேறு காய்ந்திருந்தால், "நடங்க, நடங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார். கடை வாசனை போகாத புதுச் சப்பாத்தாக இருந்தால் போச்சு, ஆளை நிறுத்திவைத்துவிடுவார். "இத இன்னைக்குத்தான் மொத மொதல்ல போட்டீங்களா? அட மாதாவே! மத்தியானத்துக்குள்ள குதிங்கால் கொப்பளிச்சிருமே. இப்பிடி ஒக்காருங்க, தேங்காண்ண தடவுவோம்." வந்தவர் கம்பனி முதலாளியானாலும் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டித்தான் ஆகவேண்டும்.

நுவரெலியாவில் தொடங்கி நல்லதண்ணியில் முடிகிற அந்த நெடும்பாதையைத் திறந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. முழுக்க நடக்க ஏழு நாள் வேண்டும். அதில் குருவிக்கல் தோட்டத்துக்குள் போகும் எட்டுக் கிலோமீட்டருக்குச் சிசிலிதான் பொறுப்பு. புல் வெட்டுவது, தண்ணீர்க் கான் அடைத்தால் தோண்டிவிடுவது, வழிதவறியவர்களைத் தேடிப் பிடிப்பது, அட்டை கடித்து அலறுகிறவர்களுக்குச் சவர்க்காரம் தேய்ப்பது, எல்லாம் அவர் வேலை. அதற்குமுன் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பேசிக்கொண்டே நடக்கும்போது கை தன்பாட்டுக்குப் பக்கத்துச் செடியில் கொழுந்தை ஒடித்துவிடும். நாலடி போன பிறகுதான் நினைவு வரும். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, செடிக்கு அடியிலேயே போட்டுவிடுவார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்களுக்கு அவர் கிலோமீட்டர் சொல்வதில்லை. "ஒரு ரொட்டி தூரங்க" என்பார். ஒரு ரொட்டி தின்ற தெம்பில் போய்ச் சேரலாம் என்று கணக்கு. அடுத்த மேட்டைப் பார்த்துவிட்டு, "அது ரெண்டு ரொட்டி. பொய் சொல்ல மாட்டேன்" என்பார்.

பாதைக்கு விளம்பரமும் அவரேதான். தினமும் ஒரு நிமிஷம் போனை நீட்டிப் பிடித்து வீடியோப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார். நுவரெலியாவில் இருக்கும் பாதை அலுவலகத்தில் வேலை செய்யும் றொக்சன், அருவியைக் காட்டுங்கள், பனியைக் காட்டுங்கள் என்று கெஞ்சாத நாளில்லை. சிசிலி காட்டுவதோ வழுக்குகிற கல்லை. "வணக்கம், ஆயுபோவன், ஹலோ! இந்தா பாருங்க, இந்தக் கல்லுல கால வச்சீங்க, நேரா ஆத்துலதான் எந்திரிப்பீங்க!" ஒருநாள் தன் காலில் ஏறிய அட்டையை அது கொழுத்து உருண்டு விழும்வரை முழுசாகக் காட்டினார். றொக்சன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் படத்தை எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள், அந்த மாதம் கூட்டம் இரட்டிப்பானது. "சனங்களுக்கு உண்மதாந் தம்பி பிடிக்குது" என்று சிசிலி அவருக்கு ஆறுதல் சொன்னார்.

இந்த எட்டுக் கிலோமீட்டரில் அவர் உயிரை வைத்திருப்பது ஒரு அரைக் கிலோமீட்டரில். பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் தார் ரோடு தோட்டத்து மானேஜர் பெரிய துரையின் பங்களாவைச் சுற்றிப் போகிறது. இடப்பக்கம் கல் படிக்கட்டு ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் வாசலை உரசிக்கொண்டு போகிறது. பாதை படிக்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே அடம்பிடித்து வரைபடத்தில் ஏற்றியவர் சிசிலி. இரண்டாம் வீட்டு வீரம்மா, வெள்ளைக்காரர்களைக் கண்டு முதலில் கதவைச் சாத்திக்கொண்டவர். இப்போது வாசலில் அடுப்பை வைத்து ரொட்டி சுட்டு, சம்பலை நீட்டும்போது "ஹொட், வெரி ஹொட், கோ ஸ்லோ" என்று எச்சரிக்கும் அளவுக்கு இங்கிலீஷில் தேறிவிட்டார். அதையும் மீறித் தின்று கண் கலங்குகிறவர்களைப் பார்த்து லயமே சிரிக்கும்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயின்ட் வினை வந்தது.

தோட்டத்தில் மரத்துக்குப் பெயின்ட் அடித்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: இதை வெட்டலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த சிசிலிக்கு இது தெரியாதா? தெரியும். வெட்டும் மரத்துக்கு எப்போதும் வெள்ளைக் கோடு, பாதையின் அடையாளம் மஞ்சள், ஆகவே குழப்பம் வராது என்று நம்பிவிட்டார். பாலத்திலிருந்து படிக்கட்டுவரை ஒன்பது நிழல் மரங்களில் அழகாக மஞ்சள் கோடு போட்டார். அந்த வருஷம் பார்த்து தோட்டத்து ஸ்டோரில் வெள்ளைப் பெயின்ட் தீர்ந்துபோய், வெட்டும் மரத்துக்கும் மஞ்சளே அடித்திருந்தார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் நேர்மையானவர்கள். கோடு போட்ட மரம் ஒன்றையும் விடவில்லை. ஒன்பதும் ஒரே காலையில் தரையில் கிடந்தன.

மறுநாள் வந்த மூன்று பிரெஞ்சுக்காரர்கள் அடையாளத்தைத் தேடித் தேடித் தார் ரோட்டிலேயே போய், பங்களாப் புல்வெளியில் ஏறிவிட்டார்கள். அங்கே குடையும் மேசையும் நாற்காலிகளும் இருந்தன. கடை என்று நினைத்து உட்கார்ந்து, எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் மூன்று தேநீர் கேட்டார்கள். அவர்தான் பெரிய துரை.

பெரிய துரை அன்றே பாதை அலுவலகத்துக்குப் போன் செய்தார். மூன்றாம் நாள் றொக்சன், படிக்கட்டை அடித்துவிட்டுத் தார் ரோட்டில் கோடிழுத்த புது வரைபடத்தோடு தோட்டத்து ஒபிசுக்கு வந்தார். லயம் பாதையிலிருந்தே கழன்றுவிட்டது. சிசிலி யாரும் கூப்பிடாமலே போய் நின்றார்.

"சிசிலி, என் மரம் எங்கே?" என்றார் துரை.

"என் தப்புதாங்க தொரை. ஒம்பதுக்குப் பதிலா பதினெட்டுக் கன்னு நானே நட்டுத் தர்றேன். தண்ணியும் ஊத்துறேன். அதுக்காக லயத்தச் சுத்திக்கிட்டுப் பாதையப் போடாதீங்க."

"அக்கா, ரோடு சுகமானது. யாரும் வழிதவற மாட்டாங்க" என்றார் றொக்சன் மெதுவாக.

சிசிலிக்கு அதுவரை இல்லாத கோபம் வந்தது. "எங்கள சுத்திக்கிட்டுப் போறதுக்கு, லயத்துல என்னா அம்மையா போட்டிருக்கு? இத்தன வருஷமா அந்தப் படியில ஏறி வந்தவங்க யாரு தம்பி? வேலைக்கி வெரட்டுறதுக்குக் கணக்கப்புள்ள வந்தாரு. ஓட்டுக் கேக்க வந்தாங்க. சும்மா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறதுக்கு வந்தவங்க இவங்க மட்டுந்தான். அது எங்களுக்கு வேணும்."

துரை, மரத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட்டும் கூடாது, கம்பம் நட்டுப் பலகை போடுங்கள் என்றார். பலகை திங்கட்கிழமைதான் வரும் என்றார் றொக்சன். "அப்படியென்றால் அதுவரைக்கும் தார் ரோட்டில் போகட்டும். பிறகு பார்ப்போம்" என்றார் துரை.

பிறகு பார்ப்போம் என்றால் என்ன என்று சிசிலிக்கு நன்றாகவே தெரியும். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி அவருடைய அப்பாவுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

"பலக வர்ற வரைக்கும் ஆளு நிக்கலாங்களா?" என்று கேட்டார்.

துரை றொக்சனைப் பார்த்தார். அதற்கு எதிராக எந்தச் சட்டமும் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. "நில்லு" என்றார் துரை. "ஆனால் இன்னும் ஒரே ஒரு ஆள் என் பங்களாவுக்கு வந்தால், தார் ரோடுதான். பேச்சே இல்லை."

சனிக்கிழமை கொழும்பிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். அன்று பார்த்துப் பனி இறங்கியது. பாலத்தில் நின்றால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சிசிலி ஆறரைக்கே வந்து பாதை பிரிகிற இடத்தில், வருகிறவர்களைப் பார்த்தபடி நின்று, வலது கையைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டிவிட்டார். முதல் கூட்டம் சிரித்துக்கொண்டே படியேறியது. ஒரு பெண் சேர்ந்து படம் எடுக்கக் கேட்டார். "எடுங்க, ஆனா கைய எறக்க மாட்டேன்" என்றார் சிசிலி. வீரம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை இடது கையால் குடித்தார்.

பதினொரு மணிக்குப் பதின்மூன்று பேர் ஏறியிருந்தார்கள். பதினான்காவது ஆளைக் காணோம்.

"கொஞ்சம் ஒக்காருடி, அந்தாளு வரட்டும்" என்றார் வீரம்மா.

"அந்தாளு வர்ற நேரத்துல நா ஒக்காந்திருந்தா? நேரா தொரைகிட்டப் போயி தேத்தண்ணி கேப்பான். போச்சு, எல்லாம் போச்சு."

வலது கை மரத்துப்போயிருந்தது. அப்படியே நின்று இடது கையை நீட்டலாமா என்றால், அது தார் ரோட்டைக் காட்டும். சிசிலி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முழுசாகத் திரும்பி, பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இடது கையை லயத்துப் பக்கம் நீட்டினார்.

பனிக்குள் பாலத்துப் பலகை கிறீச்சிட்டது. காலடிச் சத்தம் நெருங்கி வந்து, பிரிகிற இடத்தில் நின்றது. சிசிலி திரும்பிப் பார்க்கவில்லை; பலகை திரும்பிப் பார்க்குமா? நீட்டிய கையின் விரல்களை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.