லவ்டே கட்டிய முயல்ராணிப் பாட்டு

லவ்டேயின் பெயர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், எங்கள் கார்ன்வால் பக்கம் முதலில் அடிபட்டது என் நாத்தனார் மகன் கல்யாணத்தில்தான். முயல்ராணி நிலவை விழுங்கிய கதையைத் தானே பாட்டாகக் கட்டி, கித்தாரோடு பாடிக் கூட்டத்தை அசையவிடாமல் செய்தாள்.

பல வருஷம் கழித்து, மே முதல் நாள் விடியலில், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், மேட்டில் ஆதிகாலத்துக் கற்கள் வட்டமாக நிற்கும் கல்வட்டத்தில் கைகோத்து நின்றார்கள். பூசாரி காற்றில் வாசல் வரைந்து திறந்துவிடாமல் அந்த வட்டத்தைவிட்டு யாரும் வெளியேறக் கூடாது. நடுவில் நின்ற லவ்டே, அதற்குள் வாய்வழியே ஊரெல்லாம் பரவியிருந்த முயல்ராணிப் பாட்டில் ஒரு வரியை மாற்றிப் பாடினாள். பூசாரி ஜாகோ கைகாட்டி நிறுத்தினான்.

“மாத்தாதீங்கக்கா. இது ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டு.”

“நான் கட்டினதுடா இது! அடுப்படியில கிழங்கு உரிச்சுக்கிட்டே கட்டினேன்.”

“அப்போ அக்காவுக்கு வயசு ரெண்டாயிரமா?” என்றான் மேளக்காரன். வட்டமே சிரித்தது.

அவள் ஜாகோ பக்கம் திரும்பினாள். “இங்க கல்லுக்குக்கூடப் பேர் வெச்சிருக்கீங்க. பாட்டுக் கட்டின பொம்பளைக்கு மட்டும் பேர் கிடையாதா?”

கித்தாரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

“பொறுங்கக்கா, வாசல் திறக்கிறேன்!” என்று ஜாகோ பதறினான்.

“உன் வாசலை நீயே வெச்சுக்கோ!”

கோத்திருந்த இரண்டு கைகளைத் தட்டிவிட்டு, வட்டத்தை அறுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது லவ்டே பென்சான்ஸ் ஊரில் மகளோடு இருக்கிறாள். அங்கே மதுக்கடையில் பாடுகிறாள், கல்வட்டத்துக்குப் போவதில்லை.